ஒன்பதாம் இடத்துப் பாசி

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தேன், நான்கு நாளாகுமாம். அதுவரை மின்கெட்டிலில் முட்டை வேகவைத்துச் சமாளிக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்திலிருந்து தேர்வாளரின் கடிதம் வந்தது. என் ஆய்வேட்டைப் பற்றி மூன்று கேள்விகள். முதலாவது, நிலப்படத்தில் அளவுகோல் விடுபட்டிருக்கிறது. இரண்டாவது, படம் 14-இன் கீழே எழுத்துப்பிழை. இரண்டையும் மதியத்துக்குள் சரிசெய்துவிட்டேன்.

மூன்றாவது: "ஒன்பதாம் இடத்தின் அடிமண் மாதிரியை அனுப்ப இயலுமா? அங்கே பாசி இல்லை என்பதே தங்கள் முடிவைத் தாங்கி நிற்பதால் கேட்கிறேன்."

மரியாதையான ஆள். அக்டோபர் 31-க்குள் பதில் வேண்டும்.

மாதிரி அலமாரியில் எங்காவது இருக்கும். தேட வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

அலமாரியைச் சுத்தம் செய்தேன். எட்டு இடங்களின் மாதிரிகளும் வரிசையாக இருக்கின்றன. ஃபார்மலின் வற்றிய குப்பிகளில் மறுபடி ஊற்றி, மூடிகளை மெழுகால் அடைத்தேன்.

மதலேனாள் மதினி நண்டுக் குழம்பு கொண்டுவந்தார். அருளப்பன் அண்ணனின் மனைவி. இந்தப் பனையடிக்கு நான் வந்த மூன்று வருடமாக, பாசி சேகரிக்க என்னைக் கடலுக்குக் கூட்டிப்போவது அண்ணனின் வல்லம்தான். அதனால் இருவருக்கும் என் மேல் ஓர் உரிமை. கேஸ் இல்லை என்றதும் மதினி திட்டினார்: "நம்ம வீட்டுக்கு வந்து திங்கிறதுக்கு என்ன கேடு?" பிறகு மேசையைப் பார்த்தார். "மூணு வருசமா இந்தப் பாசிய வச்சு என்னதான் பண்றீக? அவுககிட்டக் கேட்டா 'அது பெரிய படிப்பு'ங்கிறாக."

அவரை நுண்ணோக்கி முன் உட்காரவைத்தேன். ஒரு தட்டில் உயிருள்ள ஹாலிமெடா. சப்பாத்திக்கள்ளியை நகக்கண் அளவுக்குச் சுருக்கிக் கோத்தது போன்ற பச்சை வில்லைகள். நாங்கள் வில்லைப்பாசி என்போம். ஒவ்வொரு வில்லைக்குள்ளும் சுண்ணாம்பு. பாசி செத்தால் பச்சை போய், வில்லைகள் உதிர்ந்து மணலோடு மணலாகும். இன்னொரு தட்டில் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்த சில்லு. அதிலும் அதே வில்லைகள், அதே நுண்துளைகள். ஆறு கோடி வருடத்துக்கு முந்தியவை.

"அரியலூர்ல ஏது கடலு?"

"அப்ப இருந்துச்சு மதினி."

"எம்புட்டு ஆழம்?"

"அதைத்தான் பாக்குறேன். உயிரோட இருக்கிறது எந்த ஆழத்துல வளருதுன்னு இங்க பாத்துட்டா, கல்லுல இருக்கிறதும் அந்த ஆழத்துலதான் வளந்திருக்கும்னு சொல்லலாம்."

அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேரன் குடியிருக்கிற எடத்தப் பாத்துட்டு, தாத்தனும் இங்கனதான் இருந்திருப்பான்னு சொல்ற மாதிரி."

"கிட்டத்தட்ட."

"எங்க தாத்தா தூத்துக்குடிக்காரரு" என்று சிரித்தார்.

அக்டோபர் 4, சனி

பேராசிரியர் தொலைபேசினார். "மூணாவது கேள்வி அஞ்சு நிமிஷ வேலை. மாதிரியை பார்சல் பண்ணிடு. இருக்கில்ல?"

"இருக்கு சார்."

எட்டு இடங்கள், எல்லாம் ஆறு மீட்டருக்குள், கூனித் தீவைச் சுற்றி. பாறையில் கொடி போலப் படரும் வில்லைப்பாசி எட்டிலும் உண்டு. ஒன்பதாவது, தீவுக்கு வெகு தெற்கே கொம்பன் பார். பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. பதினெட்டு மீட்டர். அட்டவணையில் அதற்கு நேரே 'இல்லை'. அந்த ஒரு 'இல்லை'யால்தான் எல்லை கிடைத்தது: கல்லில் இந்த வகை இருந்தால் அன்றைய கடல் ஆழமில்லாத கடல். பேராசிரியர் இதை வைத்து இரண்டு கட்டுரை எழுதிவிட்டார். என் பெயர் முதலில்.

மாலை கரைக்குப் போனேன். அருளப்பன் அண்ணன் கம்பிவலையில் மீன்கூடு பின்னிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வேலை சொல்லிவிட்டு வந்தேன்.

கேஸ் வந்துவிட்டது.

அக்டோபர் 8, புதன்

மழை. மின்சாரம் இல்லை. நகல் எடுக்கும் கடையும் பூட்டியிருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

காலை ஐந்தரைக்கு அண்ணன் வாசலில் நின்றார். "தங்கச்சி, துணிப்பை ரெண்டு குடுங்க. அந்த மண்ணள்ளுற வாளியையும்." பின்னால் அவருடைய கூட்டாளி இன்னாசி, தோளில் டீசல் கேனோடு. நான்கு கூடுகளையும் போடப் போவதாகச் சொன்னார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கூடு போடுகிறவர்கள் இடத்தைச் சொல்வதும் இல்லை. ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடுவார் என்று.

"வானம் தெளிவா இருக்கு. ஒங்க புள்ளைகளக் கேட்டதாச் சொல்றேன்" என்றார் அண்ணன். பாசியைத்தான் அப்படிச் சொல்வார்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. வந்த காற்று இருபது நிமிடம்தான் அடித்திருக்கும். எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஓடு தெருவில் கிடந்தது. மாடியில் காய்ந்த துணியில் ஒரு தலையணை உறையைக் காணவில்லை. பிறகு மழை.

ஆறு மணிக்குக் கரைக்குப் போனேன். வல்லங்கள் எல்லாம் வந்துவிட்டன. அண்ணனுடையதைத் தவிர.

அக்டோபர் 14, செவ்வாய்

வரவில்லை.

காலையில் பதினோரு வல்லங்கள் தேடப் போயின. மதினி கரையில் மணலில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வருகிற ஒவ்வொரு வல்லத்தையும் எழுந்து நின்று பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்; ஆடை படிந்து அப்படியே ஆறிப்போனது.

மீனவர் சங்கத் தலைவர் சேசுராசா ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தார். "எங்க போறாருன்னு யாருகிட்டயும் சொல்லல. மேடம், நேத்து காலையில ஒங்க வீட்டுக்கு வந்தாராமே. ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லைங்க. பை வாங்கிட்டுப் போனார்."

அவர் என்னிடம் இடத்தைச் சொல்லவில்லை. அது உண்மை.

அக்டோபர் 15, புதன்

காலை பத்து மணிக்கு ஒரு விசைப்படகுக்காரர் மிதவையோடு உடைந்த கூடு ஒன்றைக் கொண்டுவந்தார். தீவுக்குத் தென்மேற்கே மிதந்ததாம். மதினி கம்பி முடிச்சைத் தொட்டுப் பார்த்ததும் சொன்னார்: "அவுக கட்டுனதுதான்."

சங்கக் கட்டடத்தில் கூட்டம். சுவரில் கடல் வரைபடம். கடலோரக் காவல் ஆய்வாளர் வந்திருந்தார். கூடு மேசை மேல் கிடந்தது. கம்பிக்கண்களில் பச்சையாகப் பாசி சிக்கியிருந்தது. சேசுராசா என்னைப் பார்த்தார்.

"நம்மூர்ல இதுல படிச்ச ஆளு நீங்கதான். இந்தப் பாசி எங்கன மொளைக்கிறது? அங்கனதான் கூடு எறக்கியிருப்பாரு. காத்தடிச்சப்ப அங்கனதான் நின்னிருக்கணும். தீவுப் பக்கமா இருந்தா ஆளுக நீந்தி ஏதாவது தீவுல ஏறியிருப்பாக, நாமளே தேடிக்கிடலாம். தெக்க வெளிக்கடலா இருந்தா ஏரோப்ளேன்தான் வேணும்."

"இருக்கிறது ஒரு விமானம் மேடம்" என்றார் ஆய்வாளர். "இடத்தைச் சொல்லாமக் கேக்க முடியாது."

கொடிவகை வில்லைப்பாசி. வில்லைகள் வழக்கத்தைவிடப் பெரியவை, மெல்லியவை. கூட்டின் மூலையில் கல் போல ஒரு சிறு உருண்டை இருந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தீவுப் பக்கம்" என்றேன். "ஆறு மீட்டருக்குள்ள."

"நிச்சயமாவா?"

"ஆய்வுல அப்படித்தான் இருக்கு."

அப்போது மணி பதினொன்று. வல்லங்கள் தீவுகளுக்குப் போயின.

அக்டோபர் 15, மாலை ஐந்தரை

இதை எழுதிவிட வேண்டும். யாரும் படிக்கப்போவதில்லை என்றாலும்.

ஒன்பதாம் இடத்தில் நான் இறங்கவில்லை.

மார்ச் 2. கொம்பன் பாரில் நங்கூரம் போட்டிருந்தோம். முகமூடியை மாட்டிக்கொண்டு விளிம்பைப் பிடித்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கறுநீலம், அடி தெரியவில்லை. ஜனவரியில் ஏழாம் இடத்தில் அறுந்த வலையில் கால் சிக்கியதிலிருந்து எனக்கு ஆழமான தண்ணீரைப் பார்த்தால் மூச்சு அடைக்கிறது. இதைப் பேராசிரியரிடம் சொல்லவில்லை. அண்ணன்தான் சொன்னார்: "வேணாம் தங்கச்சி. இன்னொரு நா வரலாம்." அப்புறம் மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டது. மாதிரி சேகரிப்பதற்கான அனுமதிக் காலமும் முடிந்தது. ஜூலையில் அட்டவணையை முடிக்கும்போது அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அந்த ஆழத்தில் இருக்காது என்றுதான் நினைத்தேன். நினைத்ததை எழுதினேன்.

இந்த மாதம் நான்காம் தேதி அண்ணனிடம் சொன்ன வேலை இதுதான்: "கொம்பன் பார்ப் பக்கம் போனா அடிமண்ணு ரெண்டு பை அள்ளிட்டு வாங்கண்ணே." என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இப்பவாச்சும் கேட்டீகளே" என்றார். நான் இறங்காதது அவருக்கும் இன்னாசிக்கும் மட்டும்தான் தெரியும்.

உருண்டையைக் கழுவிப் பார்த்தேன். இளஞ்சிவப்பு. சுண்ணாம்புச் சிவப்புப்பாசி அடுக்கடுக்காய்ப் படிந்து உருண்டது. என் எட்டு இடங்களிலும் மூன்று வருடத்தில் இருநூறு முறை இறங்கியிருக்கிறேன். இப்படி ஒன்றைக்கூட எடுத்ததில்லை. ஆகவே இந்தக் கூடு அந்த எட்டு இடங்களில் எதிலும் இறங்கியதில்லை. வில்லைகள் பெரிதாகவும் மெலிதாகவும் இருப்பது வெளிச்சம் குறைந்த இடத்தில் வளர்ந்ததால்.

அரியலூர்ச் சில்லுகளில் 41-ஆம் எண்ணை எடுத்து வைத்தேன். பெரிய வில்லைகள், பக்கத்திலேயே சிவப்புப்பாசி உருண்டையின் வளையங்கள். வில்லைகளின் ஓரம் தேயவே இல்லை. எங்கிருந்தோ உருண்டு வந்தவை அல்ல. வளர்ந்த இடத்திலேயே புதைந்தவை. செப்டம்பரிலேயே இதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அட்டவணைப்படி "ஆறு மீட்டருக்குள்" என்று சீட்டு எழுதி ஒட்டினேன்.

சங்கம் இங்கிருந்து பத்து நிமிட நடை. ஆய்வாளர் இந்நேரம் கிளம்பியிருப்பார். அவருடைய எண் அந்தச் சுவரில் எழுதியிருந்தது, குறித்துக்கொள்ளவில்லை. இருட்டிவிட்டால் விமானமும் போக முடியாது.

காலையில் போய்ச் சொல்வேன்.

அக்டோபர் 16, வியாழன்

ஏழு மணிக்குச் சொன்னேன்.

சங்கத்தில் சேசுராசாவும் மதினியும் இன்னும் நான்கைந்து பேரும் இருந்தார்கள். தீவுகளில் எதுவும் கிடைக்கவில்லை. வரைபடத்தின் பக்கத்தில் போய் நின்று கொம்பன் பார் மேல் விரலை வைத்தேன்.

"கூடு இங்கதான் போட்டிருக்கணும். நேத்து நான் சொன்னது தப்பு."

"தப்புன்னா?" என்றார் சேசுராசா.

"இந்த இடத்துல இந்தப் பாசி இல்லைன்னு எழுதியிருக்கேன். ஆனா நான் இங்க எறங்கிப் பாக்கல. பாக்காம எழுதினது."

சேசுராசா கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நேத்து பதினோரு மணிக்கு நாங்க கேட்டோம்ல?"

"ஆமாங்க."

அவர் தொலைபேசியை எடுத்து ஆய்வாளரைக் கூப்பிட்டார். திங்கள் மாலையிலிருந்து வாடைக்காற்று, நீரோட்டம் தென்மேற்கே. கொம்பன் பாரிலிருந்து கோடு இழுத்தார்கள். எட்டு மணிக்குச் செய்தி போனது. பதினொன்றரைக்கு விமானம் தலைக்கு மேல் தெற்கே போனது.

மதினி என் பக்கம் திரும்பவே இல்லை. அவரிடம் இன்னும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது; அண்ணன் அங்கே ஏன் போனார் என்பது. ஆட்கள் நிறைய இருந்தார்கள். தேடுவதற்கு அது தேவைப்படவும் இல்லை.

அக்டோபர் 16, மாலை

கவிழ்ந்த வல்லத்தை மதியம் ஒரு மணிக்குப் பார்த்துவிட்டார்கள். கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். மேலே ஓர் ஆள்.

இன்னாசி.

அக்டோபர் 18, சனி

இராமநாதபுரம் மருத்துவமனை. இரண்டு பேருந்து மாறிப் போனேன். இன்னாசியின் உதடும் முழங்கையும் உரிந்து வெந்தது போல இருந்தன. அவர் மனைவி டிபன் பாத்திரம் கழுவப் போன சமயம், என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"கூடு நாலும் எறக்கிட்டு ரெண்டு மணிக்கே கெளம்பியிருக்கலாம். 'இரு, தங்கச்சி கேட்ட மண்ண எடுத்துருவோம்'னாரு. வாளி ரெண்டு தடவ வெறுமனே வந்துச்சு. கீழ ஒரே பாற. மூணாந்தடவ அரை வாளி வந்துச்சு. பைய எறுக்கிக் கட்டுறப்பதான் மேக்க கறுத்துச்சு."

அவரே தொடர்ந்து சொன்னார்.

"மூணு ராத்திரி. மொத ரெண்டு நாளு பேசிக்கிட்டே கெடந்தோம். புதங்கெழம ஏரோப்ளேன் வரும், வரும்னு அவருதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. பகல் பூரா வானத்தையே பாத்தாரு. வெயாழக்கெழம விடியிறதுக்கு முந்தி ஒரு அல. திரும்பிப் பாத்தா ஆளில்ல."

செவிலியர் வந்து சொட்டுமருந்துப் புட்டியை மாற்றினார். அவர் போனதும் இன்னாசி என்னைப் பார்த்தார்.

"மண்ணள்ளுன கதைய நான் யாருகிட்டயும் சொல்லல. மதலேனாக்காகிட்டயும் சொல்லல. அத நீங்க சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன்.

புதன் பதினொரு மணிக்கு நான் இடத்தைச் சொல்லியிருந்தால், வியாழன் நடந்தது போலவே எல்லாம் நடந்திருந்தால், மாலை எத்தனை மணிக்குப் பார்த்திருப்பார்கள் என்று பேருந்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விடையை இங்கே எழுதவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

துணி துவைத்தேன். சில்லுகளைப் பெட்டியில் அடுக்கினேன். மதினி வீடு வரை போனேன். வாசலில் செருப்புகள் நிறைய இருந்தன. திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

செய்தித்தாளில் நான்கு வரி: "தடைகளை மீறி வெளிக்கடலுக்குச் சென்றது ஏன்? கடத்தல் கோணத்திலும் விசாரணை." பெயர் போட்டிருந்தார்கள்.

டீக்கடையில் பேசுகிறார்கள். பத்துப் பாகம், அதாவது பதினெட்டு மீட்டர் ஆழத்தில் எவன் கூடு போடுவான்? தெற்கே போனால் யாரைப் பார்க்கப் போவான்? இன்னாசியை மருத்துவமனையிலிருந்து நேரே காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய் நாலு மணி நேரம் உட்காரவைத்திருக்கிறார்கள்.

சேசுராசா கடை வாசலில் நின்று சத்தம் போட்டார்: "பதினாறு வயசுல இருந்து கடலுக்குப் போற மனுசன். ஒரு சிகரெட்டுப் பாக்கெட்டு கைமாத்தியிருப்பானா? ஒரு ஆளு சொல்லுங்கடா பாப்போம்!" யாரும் வாய் திறக்கவில்லை. நானும் அங்கேதான் நின்றேன். பால் வாங்க வந்திருந்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

பேராசிரியரிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு கட்டுரையிலயும் என் பேரும் இருக்கும்மா."

"தெரியும் சார்."

"நீ எறங்கலைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன கொன்னா போட்டிருப்பேன்?" பிறகு, குரல் இறங்கி: "அப்ப அரியலூர்க் கல்லு?"

"ஆழமாவும் இருந்திருக்கலாம் சார். நாப்பத்தொண்ணாம் சில்லு அப்படித்தான் காட்டுது."

"இருந்திருக்கலாமா, இருந்துச்சா?"

"இப்போதைக்கு 'லாம்'தான்."

கட்டுரைகளைத் திரும்பப் பெற அவரே எழுதுவதாகச் சொன்னார். ஆய்வேட்டை நான் திரும்பப் பெற வேண்டும். வைத்துவிட்டார்.

அவ்வளவு கடினமாக இல்லை. கடினமானது இன்னும் மிச்சமிருக்கிறது.

அக்டோபர் 25, சனி

மதினி வீட்டுக்குப் போனேன். இந்த முறை செருப்புகளை எண்ணவில்லை. உள்ளே மதினியும் இன்னாசியும் சேசுராசாவும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், நின்றுகொண்டே சொன்னேன்.

"மதினி, அண்ணன் கொம்பன் பாருக்குப் போனது எனக்காக. நான்தான் அங்க அடிமண்ணு அள்ளிட்டு வரச் சொன்னேன். நான் எழுதின பொய்யை மூடுறதுக்கு எனக்கு அந்த மண்ணு வேண்டியிருந்துச்சு."

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். மதினி அவரைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்க்கா."

மதினி என் பக்கம் திரும்பினார். ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாக.

"புதங்கெழம அந்தக் கூட்டக் கொண்டாந்து போட்டாகளே. அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கணும் மதினி..."

"தெரிஞ்சிருக்கணுமா, தெரியுமா?"

"தெரியும்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "கூட்டுல இருந்த கல்ல பாத்ததுமே தெரியும்."

அவர் அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க. ஸ்டேசன்ல இதச் சொல்லுங்க. எம் புருசன் கடத்தப் போகல, கல்லுப் பொறுக்கப் போனாருன்னு எழுதிக் குடுங்க. ஒரு எழுத்துக் கொறையக் கூடாது."

நான்கு பேரும் நடந்தே போனோம். பட்டப்பகல். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். நிலையத்தில் ஐந்து பக்கம் எழுதினேன்: மார்ச் 2, ஜூலை, அக்டோபர் 4, 13, 15 காலை, 15 மாலை. அனுமதியில்லாமல் ஆள் வைத்து அள்ளச் சொன்னது தனிக் குற்றம், அதற்கு வழக்கு வரலாம் என்றார் ஆய்வாளர். வரட்டும் என்றேன். ஒவ்வொரு பக்கத்தையும் சேசுராசா உரக்கப் படிக்க, மதினி கேட்டுக்கொண்டிருந்தார். "பதினொரு மணி" என்று வந்த இடத்தில் மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஆய்வேட்டைத் திரும்பப் பெறும் கடிதத்தை அஞ்சல் செய்தேன். தேர்வாளருக்குத் தனியாக ஒரு கடிதமும், அந்த உருண்டையும். கடத்தல் விசாரணையைக் கைவிட்டுவிட்டதாகச் சேசுராசா சொல்லியனுப்பினார். செய்தித்தாளில் அதற்கு ஒரு வரிகூட வரவில்லை.

வீட்டுக்காரர் ஒரு வாரத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். அவருடைய மைத்துனரும் கடலுக்குப் போகிறவர்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று கல்லறைத் திருநாள். ஊரே காலையிலிருந்து கல்லறைத் தோட்டத்தில். சுண்ணாம்பு அடித்து, சாமந்தி தூவி, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாமான்களை ஏற்ற நாளை வேன் வரும். பெட்டிகளைக் கட்டிவிட்டு, எதற்கென்று தெரியாமல் நானும் அந்தப் பக்கம் போனேன். உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றேன்.

மதினி ஒரு கட்டு மெழுகுவத்தியோடு வெளியே வந்தார். மாமனாருக்கும் தன் அம்மாவுக்கும் ஏற்றிவிட்டிருப்பார். மிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை போல. என்னைப் பார்த்துவிட்டு, போய்விடுவார் என்று நினைத்தேன். வந்து மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். வெயிலில் மெழுகுவத்திகள் வளையத் தொடங்கியிருந்தன.

என்னைப் பார்க்கவில்லை, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அவுக போன எடத்துல கீழ என்ன இருக்கும்?"

அந்த இடம் வரைபடத்தில் எனக்குத் தெரியும். வெள்ளை மணல் என்று சொல்லலாம். வில்லைப்பாசி பச்சைப் பாய் விரித்தது போல் இருக்கும், வெளிச்சம் இறங்கும் என்று சொல்லலாம். அவருக்கும் அப்படி ஒன்று வேண்டியிருந்தது என்றே நினைக்கிறேன். சொன்னால் நம்பியிருப்பார். நான்தானே இதற்குப் படித்தவள்.

"தெரியாது மதினி" என்றேன். "அங்க நான் போனதில்ல. யாரும் எறங்கிப் பாத்ததா நான் கேள்விப்பட்டதும் இல்ல. எனக்குத் தெரியாது."

அவர் திரும்பினார். மூன்று வருடமாக 'நீங்க, வாங்க' தவிர வேறு சொல்லால் என்னை அழைத்ததில்லை.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒனக்கு இம்புட்டு நாளாச்சாடி?"